எமலோகத்து எண்ணெய்க் கொப்பரை ஆறிப்போகுமா?

மதுரை புதூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “பொய் சொன்னா எமலோகத்துல எண்ணெய்க் கொப்பரையில போட்டு வறுத்தெடுப்பாங்கன்னு எங்க அப்பத்தா சொல்லும். உலகத்துல தினமும் இவ்வளவு பேர் சாகுறாங்க. அத்தனை பேரையும் போட்டுக்கிட்டே இருந்தா எண்ணெய் ஆறிப்போயிராதா? எமனுக்கு விறகு கட்டுபடியாகுமா?”

படித்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே தாளை எடுத்துக் கணக்குப் போட உட்கார வைத்துவிட்டது, அவ்வளவு நல்ல கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கொப்பரைக்குள் ஆள் சேரச் சேர சூடு குறையுமா என்பது ஒன்று. புதிதாக ஒருவரைப் போடும்போது எவ்வளவு சூடு செலவாகும் என்பது மற்றொன்று. கொதிகலன்களின் வெப்பக் கணக்கைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நரகம் உண்டா இல்லையா என்பதற்கு வெப்பமானி பதில் சொல்லாது. கீழே உள்ள கணக்கிலும் அதற்கு ஒரு வரி விடைகூடக் கிடையாது. அப்பத்தா சொன்னதை அப்படியே மெய்யென்று வைத்துக்கொண்டு, அப்படியானால் அங்கே அடுப்பு எப்படி எரிய வேண்டும் என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் எண்ணெய். நாம் ‘கொதிக்கிற எண்ணெய்’ என்கிறோம், ஆனால் சமையல் எண்ணெய் தண்ணீர் மாதிரிக் கொதிப்பதே இல்லை. கொதிநிலையைத் தொடும் முன்பே அது சிதைந்து புகையாகிவிடும். வடைச்சட்டியில் குமிழ் குமிழாக வருவது மாவிலிருந்து தப்பிக்கும் நீராவி. வடையை எடுத்துவிட்டால் அதே சூட்டிலும் எண்ணெய் அசையாமல் கிடக்கும். அடுத்து, எந்த எண்ணெய்? கும்பீபாகம் என்ற நரகத்தைச் சொல்லும் பாகவதத்தில் ‘தைலம்’ என்றுதான் வருகிறது. தைலம் என்ற சொல் ‘திலம்’, அதாவது எள்ளிலிருந்து பிறந்தது. ஆகவே நல்லெண்ணெய் என்றே எடுத்துக்கொள்ளலாம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும். 300 டிகிரியைத் தாண்டினால் மேலே நிற்கும் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். நெருப்பின்மேல் வைத்த திறந்த கொப்பரையை அந்த அளவுக்குக் கொண்டுபோனால் தண்டனைக்கூடமே எரிந்து சாம்பலாகும். பாதுகாப்பாக 170 டிகிரி. நம் ஊர் வடைச்சட்டியும் ஏறக்குறைய இதே சூட்டில்தான் நிற்கிறது. ஒரு சொட்டு மாவை விட்டால் உள்ளே போன வேகத்தில் மேலே எழும்பி வரும் பக்குவம் அது.

இனி ஆள். 60 கிலோ எடை, அதில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 36 கிலோ தண்ணீர். உடம்பு ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 3.5 கிலோஜூல் வேண்டும். 37 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 60 × 3.5 × 63, கிட்டத்தட்ட 13,200 கிலோஜூல். இது சின்னத் தொகை. அந்த 36 கிலோ தண்ணீரையும் ஆவியாக்க வேண்டும் என்றால் கிலோவுக்கு 2,257 வீதம் 81,000 கிலோஜூலுக்கு மேல் ஆகும். இரண்டும் சேர்ந்து சுமார் 95,000 கிலோஜூல், அதாவது 95 மெகாஜூல். சூடாக்குவதற்கு ஆகும் செலவைப்போல் ஆறு மடங்கு, உலர்த்துவதற்கே போகிறது. ஒரு டன் எண்ணெயை அடுப்பில்லாமல் வைத்து இந்த ஒருவரைப் போட்டு முழுக்க வறுத்தால், எண்ணெய் 43 டிகிரி இறங்கிவிடும். இரண்டாவது ஆளை வறுத்து முடிக்கும் முன்பே அது 100 டிகிரிக்கு வந்துவிடும், அதற்குமேல் தண்ணீரை ஆவியாக்க முடியாது. அப்பத்தாவின் கொப்பரை ஆறிப்போகும் என்ற உங்கள் சந்தேகத்துக்கு இந்த அளவில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறதே. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6 கோடிப் பேர் இறக்கிறார்கள். நாளைக்கு 1,64,000 பேர், நொடிக்கு இரண்டு பேருக்குச் சற்றுக் குறைவு, 1.9 என்று வைத்துக்கொள்வோம். எல்லோருமே பாவிகள் என்று எடுத்துக்கொள்கிறேன். யாரையும் குறை சொல்ல அல்ல, உச்சவரம்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக. உண்மையில் பாகவதத்தின்படி கும்பீபாகம், உயிருள்ள விலங்குகளையும் பறவைகளையும் அப்படியே வேகவைத்தவர்களுக்கானது. பொய் சொன்னவர்களுக்கு வேறு இடம், அங்கே சொல்லப்படும் நரகங்களே 28. அப்பத்தா குழந்தையை நல்வழிப்படுத்த எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டிருக்கிறார், நாமும் அப்படியே போடுவோம். நொடிக்கு 1.9 பேர், ஆளுக்கு 95 மெகாஜூல் என்றால் 180 மெகாவாட். இது பெரிய எண்ணாகத் தோன்றும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்காக அமைக்கப்பட்ட 210 மெகாவாட் அலகு ஒன்று, அவ்வளவு மின்சாரம் தருவதற்கு ஏறக்குறைய 600 மெகாவாட் வெப்பத்தை விழுங்கும். அதாவது உலகத்துப் பாவிகள் அத்தனை பேரையும் வறுக்க, தூத்துக்குடியின் ஒரு அலகு தின்னும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

விறகுக் கணக்கு அடுப்பைப் பொறுத்தது. காய்ந்த சீமைக்கருவேல விறகு கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல் தரும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் அதில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் புகையோடும் காற்றோடும் போய்விடும். 12 சதவீதம் என்று வைத்தால் நாளைக்கு 8,100 டன். பத்து டன் லாரியில் 810 லோடு. நல்ல கொதிகலன் உலையில் 75 சதவீதம் வரை பிடிக்கலாம், அப்போது 130 லோடு போதும். அடுப்பு வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்து மயானங்களே சாட்சி. ஓர் உடம்பிலுள்ள தண்ணீரை ஆவியாக்க வீணில்லாமல் எரித்தால் 6 கிலோ விறகு போதும். வானம் பார்த்த சிதையிலோ நூற்றுக்கணக்கான கிலோ ஆகிறது. தென்மாவட்டங்களில் விறாட்டி அடுக்கி, வைக்கோல் மூடி, மேலே மண் பூசும் வழக்கம் வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும் அருமையான ஏற்பாடு. அதைச் செய்கிறவர்கள் வெப்பக்காப்பு என்ற சொல்லைச் சொல்லாமலே வெப்பக்காப்பு செய்கிறார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, “உடம்பைத்தான் தத்தனேரி மயானத்திலேயே எரித்துவிட்டோமே, அங்கே போவது எது?” என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. கருட புராணம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. பத்து நாள் பிண்டத்தால் புதிதாக ஓர் உடம்பு உருவாகிறது, அதன் அளவு ஒரு முழம். இந்த ஒரு தகவல் கணக்கை அடியோடு மாற்றுகிறது. ஒரு முழம் சுமார் 45 சென்டிமீட்டர், ஆள் உயரம் 165. உயரம் 3.7 மடங்கு குறைந்தால் எடை அதே விகிதத்தில் குறையாது. நீளம், அகலம், தடிமன் மூன்றும் சேர்ந்து குறைவதால் ஏறக்குறைய 49 மடங்கு குறையும். 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு வந்துவிடுகிறார். தேவையான வெப்பமும் 180 மெகாவாட்டிலிருந்து 3.6 மெகாவாட்டுக்கு இறங்குகிறது. அது மணிக்கு 5, 6 டன் நீராவி தரும் கொதிகலன், சாயப்பட்டறையிலும் பெரிய அரிசி ஆலையிலும் சாதாரணமாக நிற்பது. திறந்த அடுப்பிலேயே எரித்தாலும் நாளைக்கு 16 லோடு விறகில் முடிந்துவிடும்.

நேரமும் மாறும். சூடு மேலிருந்து நடுவுக்குப் போக ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆளளவு உடம்பின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச்சேர ஒரு நாளை ஒட்டி ஆகும், முழ உடம்புக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மெதுவடைக்கு நடுவில் ஓட்டை போடுவதும் இதே கணக்குதான். ஓட்டை விழுந்ததும் நடு என்ற இடமே இல்லாமல் போகிறது, சூடு கடக்க வேண்டிய தூரம் பாதியாகிறது. ஓட்டையில்லாமல் தட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். உள்ளே ஆள் சேர்ந்துகொண்டே போனால் சூடு குறையுமா? குறையாது. எண்ணெயின் சூட்டுக்கு வந்துவிட்ட ஒருவர் அதற்குமேல் எதையும் இழுப்பதில்லை. சூட்டை இழுப்பது வாசலில் புதிதாக வருபவர் மட்டுமே. உள்ளே எத்தனை பேர் கிடப்பார்கள் என்பதற்கு வரிசைக் கோட்பாட்டில் எளிய விதி ஒன்று இருக்கிறது. வருகிற வேகத்தைத் தங்குகிற காலத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை வந்துவிடும். ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் இதை நிறுவினார். தாலுகா அலுவலகத்து வரிசைக்கும் எமலோகத்துக்கும் இது ஒன்றேதான். தண்டனை 1,000 ஆண்டு என்று வைத்தால் 6,000 கோடிப் பேர். ஆளளவு உடம்பென்றால் வைகை அணையைப்போல் 21 அணை நிறையும். முழ உடம்பென்றால் ஆயிரம் ஆண்டுப் பாவிகளும் வைகை அணையின் பாதிக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள். அதன் கொள்ளளவு 6 டி.எம்.சி., ஏறக்குறைய 17 கோடி கன மீட்டர். பாவிகள் 7.3 கோடி கன மீட்டர்தான். எண்ணெயும் அதே அளவு ஊற்றினால் கொப்பரை அணை விளிம்புவரை கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும்.

உள்ளே இருப்பவர்கள் சூட்டை இழுக்காவிட்டாலும், அவர்களுக்காகக் கொப்பரையின் வாய் அகலமாகிறது. அங்கேதான் சிக்கல். 170 டிகிரியில் திறந்து கிடக்கும் எண்ணெய்ப் பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 2.5 கிலோவாட் வெப்பத்தைக் கதிர்வீச்சாகவும் காற்றோடும் இழக்கும். அணையளவு எண்ணெயைப் பத்து மீட்டர் ஆழத்தில் பரப்பினால் ஒன்றரைக் கோடி சதுர மீட்டர். இழப்பு 37,000 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024-இல்தான் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. புதிய பாவிகளுக்கு 3.6 மெகாவாட், திறந்த வாய்க்கு 37,000! எமனைத் திவாலாக்குவது பாவிகள் இல்லை, மூடாத சட்டி. நேர்மையாகச் சொன்னால், கணக்கை ஆரம்பிக்கும்போது நானும் ஆள் எண்ணிக்கைதான் பெரிய செலவாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

தீர்வு நம் வீட்டுச் சமையலறையில் இருப்பதுதான். அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்ட வேண்டும். பத்து மீட்டரை நூறு மீட்டராக்கினால் இழப்பு பத்தில் ஒன்றாகும். அதற்குமேல் ஒரு மூடி வேண்டும், தட்டையான மூடி கூடாது. உடம்பிலிருந்து கிளம்பும் நீராவி தட்டை மூடியில் குளிர்ந்து, துளியாகி, மறுபடி எண்ணெயிலேயே விழும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும், அது எண்ணெய்க்கு அடியில் நடந்தால் எண்ணெய் வெடித்துச் சிதறும். ஆகவே மூடி கூம்பு வடிவில் இருக்க வேண்டும், விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால், நீராவி போக நடுவில் ஒரு புகைபோக்கி. இதே காரணத்தால் வைதரணி ஆற்றைக் கடந்து வருகிறவர்களைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து போடக் கூடாது. ஈர உருளைக்கிழங்கைச் சட்டியில் போட்டவர்களுக்கு ஏன் என்று தெரியும். பொங்கி வழிந்த எண்ணெய் அடுப்பில் விழுந்தால் பெருந்தீ. தண்ணீரை ஊற்றி அதை அணைக்கவும் முடியாது.

எண்ணெயின் ஆயுளையும் சேர்க்க வேண்டும். சூட்டிலும் நீராவியிலும் எண்ணெய் உடையும், கருக்கும், பிசினாகும், நுரைக்கும். புகையும் சூடு கீழே இறங்கும், அதாவது 175-இல் புகைந்தது 150-இலேயே புகையும். இந்தியாவில் உணவுக் கடைகள், சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 முதல் விதி. எமலோகத்துக்கு அந்த விதி செல்லாதுதான், ஆனால் வேதியியல் செல்லும். யுகக்கணக்கில் மாற்றாத எண்ணெய் தார் மாதிரி இறுகிவிடும், அடியில் சூடும் மேலே ஆறலுமாக நிற்கும். சல்லடைபோட்டு அரித்துக்கொண்டே, பழையதை வடித்துப் புதியதை ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் கொப்பரை கொப்பரையாக இருக்கும்.

இதுவரை சொன்னதில் உறுதியானவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் ஆவியாதல் வெப்பம், எண்ணெயின் புகைநிலை, பரப்பிலிருந்து போகும் இழப்பு, இறப்பு எண்ணிக்கை ஆகியவை அளந்து பார்த்தவை. முழ உடம்பு நூல் சொன்னது. அந்த உடம்பிலும் 60 சதவீதம் தண்ணீர் என்பதும், 1,000 ஆண்டு தங்குவதும் என் ஊகம். ஊகங்களிலேயே ஆபத்தானது இன்னொன்று இருக்கிறது. யாதனா சரீரம், அதாவது தண்டனையை அனுபவிக்கும் அந்த உடம்பு, எத்தனை வதைத்தாலும் அழியாது என்பார்கள். வறுபட்ட உடம்பு தினமும் மறுபடி முழுசாகிறது என்று வைத்தால், உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தவர் ஆகிவிடுகிறார். ஆளளவு உடம்புக்கு 6,000 கோடிப் பேரை 95 மெகாஜூலால் பெருக்கிப் பாருங்கள். மனிதர் உலகம் முழுவதும் செலவிடும் ஆற்றலைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வரும். ஒரே ஒரு ஊகம் லாரிக் கணக்கை உலகக் கணக்காக்கிவிட்டது. எந்தப் பெரிய எண்ணைப் பார்த்தாலும், அதற்கு அடியில் இப்படி எந்த ஊகம் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் தேடுவேன்.

உடலியலும் ஒரு யோசனை சொல்கிறது. தோலிலுள்ள நரம்பு 43 டிகிரி வாக்கிலேயே சூட்டை வலியாக உணர ஆரம்பிக்கும். 170 டிகிரி எண்ணெயில் தோலின் நரம்பு முனைகளே சில நொடிகளில் வெந்துபோகும், ஆழமாக வெந்த இடத்தில் உணர்ச்சி இருப்பதில்லை. வலிதான் நோக்கம் என்றால் 45 டிகிரியே போதும். சித்திரைத் திருவிழா நேரத்து மத்தியானத் தார்ச்சாலை அதைவிடச் சூடு, வெறுங்காலோடு நின்றவர்களைக் கேட்டால் தெரியும். 45 டிகிரி என்றால் ஆளுக்கு 1.7 மெகாஜூல்தான், ஆவியாதலும் கிடையாது. செலவு 56-இல் ஒரு பங்கு. எண்ணெய்கூட வேண்டாம், வெந்நீரே போதும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 250 டிகிரி வரை காட்டும் சமையல் வெப்பமானி ஒன்று, ஒரு லிட்டர் எண்ணெய், சட்டியில் பாதிக்குமேல் நிரம்பக் கூடாது. 170 டிகிரிக்கு ஏற்றி அடுப்பை அணைத்து, எதுவும் போடாமல் ஐந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். அகலச் சட்டியில் 20 முதல் 30 டிகிரி வரை இறங்கலாம். அதுதான் திறந்த வாயின் செலவு. மறுபடி 170-க்கு ஏற்றி அணைத்து, 40 கிராம் உளுந்த மாவில் ஒரு வடை தட்டிப் போட்டு அதே ஐந்து நிமிடம் பாருங்கள். கையை நனைத்துத் தட்டினால் சொட்டு விழாமல் உதறிவிட்டுப் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், சட்டியை மூடாதீர்கள். என் கணக்குப்படி இரண்டாவது தடவை 10 டிகிரி வாக்கில் கூடுதலாக இறங்க வேண்டும். 20-ஐத் தாண்டினால், மாவு தண்ணியாக ஆட்டப்பட்டிருக்கிறது.